பட்டாளத்துப் பத்திரிகைப் படக்கதைகளுக்கு மதுரையில் ஒரு வாசிப்பு அறை

மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளுள் ஒன்றில், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் இந்த வாடகை நூலகத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கீழே கடையில் "பட்டாளத்தார் லைப்ரரி" என்று கேட்டால் பக்கவாட்டுப் படியைக் காட்டுவார்கள். நடத்துபவர் ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரையூர்ப் பக்கத்துக்காரர். தம்மைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவரை இத்தோடு விட்டுவிடுகிறேன். முன் அறையில் இருப்பவை மதுரையில் வளர்ந்த எவருக்கும் பழக்கமானவை: சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸ், 1984 முதல் வந்த லயன் காமிக்ஸ், அட்டை கிழிந்து தைக்கப்பட்ட மாயாவிகள், ரிப் கிர்பிகள். உள் அறை அப்படியன்று. அயல்நாட்டில் நிறுத்தப்பட்ட படைவீரர்களுக்கென்றே அச்சான செய்தித்தாள்களிலும் வார இதழ்களிலும் வந்த சித்திரங்களின் மறுபதிப்புத் தொகுப்புகளை அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து அங்கே வைத்திருக்கிறார். இந்த மதிப்புரை அந்த அறையைப் பற்றியது.

அறையின் முதல் சிறப்பு அடுக்கியிருக்கும் முறையில் இருக்கிறது. ஓவியரின் பெயரையோ நாயகனின் பெயரையோ வைத்து அடுக்காமல், படம் எந்தப் பத்திரிகையில் வந்ததோ அந்தப் பத்திரிகையை வைத்து அடுக்கியிருக்கிறார். ஒவ்வோர் அடுக்கிலும் தமிழில் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பத்திரிகையை யார் அச்சிட்டார்கள், யார் படித்தார்கள், எப்படி அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பவை மட்டும் அதில் இருக்கும். இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் படக்கதைகளைப் படிக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பொதுப் பத்திரிகையின் சித்திரத் தொடருக்கு வாசகர் யார் என்பது ஊகம்தான். பட்டாளத்துத் தாளில் வரைபவர், வரையப்படுபவர், வாசிப்பவர் மூவரும் பல நேரங்களில் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். வாசகரை அறியாமல் படித்தால் நகைச்சுவையில் பாதி கை நழுவிப் போய்விடும்.

எடுத்துக்காட்டாக, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களுக்காக டெய்லி மிரர் நிறுவனம் தயாரித்த 'குட் மார்னிங்' என்னும் தாளின் அடுக்கைச் சொல்லலாம். அந்தத் தாளில் தேதி அச்சிடப்படவில்லை. எண் மட்டும் உண்டு. கப்பல் புறப்படும்போதே கட்டுக்கட்டாக ஏற்றி, கடலுக்கடியில் நாளுக்கு ஒன்றாக வீரர்களுக்குக் கொடுத்தார்கள். செய்தி பழசாகிவிடும் என்பதால் செய்தியே அதிகம் இல்லை. ஆனால் தொடர் படக்கதைக்குப் பழசு என்பது கிடையாது. இன்றைக்கு நின்ற இடத்திலிருந்து நாளைக்குத் தொடரும். 1932-இல் நார்மன் பெட் தொடங்கி, இந்தத் தாளிலும் வந்த 'ஜேன்' தொடரை, ஆடை நழுவும் பெண்ணின் அசட்டுக் கதை என்றே நான் முன்பு ஒதுக்கியிருந்தேன். கதையைப் பற்றிய என் கருத்து இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆனாலும், வெயிலையே பாராத அறுபது எழுபது ஆண்கள் மறுநாள் தாளுக்காகக் காத்திருந்தார்கள் என்று அந்தத் தட்டச்சுத் தாள் சொன்ன பிறகு, அந்தத் தொடர் என்ன வேலை செய்தது என்பது விளங்குகிறது.

அறையின் பெரும்பகுதியை அமெரிக்கப் படையினரின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' நாளிதழ் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1861-இல் உள்நாட்டுப் போரின்போது மிசௌரி மாநிலத்தில் படைவீரர்கள் அச்சிட்ட தாளில் தொடங்கிய பெயர் அது. முதல் உலகப் போரில் 1918 பிப்ரவரி முதல் 1919 ஜூன் வரை பிரான்சில் வார இதழாக வந்து நின்றது. 1942 ஏப்ரலில் லண்டனில் மீண்டும் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. இங்கே வருபவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த நாளிதழின் மத்திய தரைக்கடல் பதிப்பில் வரைந்த பில் மால்டினின் தொகுப்புகளைத்தான். 45-ஆம் காலாட்படை டிவிஷனில் சாதாரண வீரராகச் சேர்ந்து, 1943-இல் சிசிலியில் இறங்கி, அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலியின் கசினோ மலைப்பகுதியில் மோர்ட்டார் குண்டுச் சில்லு பட்டுக் காயமடைந்தவர் அவர். 1945-இல் புலிட்சர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 23. வில்லி, ஜோ என்னும் அவருடைய இரண்டு சிப்பாய்களும் தாடி மழிக்காதவர்கள், தூங்காதவர்கள், வெற்றியைப் பற்றிப் பேசாதவர்கள்.

மால்டினின் படங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கட்டம். தொடர் கதை இல்லை. ஆகவே வேகமாகப் புரட்டிவிடும் ஆபத்து உண்டு. நின்று பார்க்க வேண்டும். மலை உச்சியில் இரண்டு அதிகாரிகள் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கிறார்கள். அழகான காட்சி, சிப்பாய்களுக்கும் இப்படி ஒன்று உண்டா என்று ஒருவர் மற்றவரிடம் கேட்கிறார். மற்றொன்றில், மருத்துவ உதவியாளர் பதக்கம் நீட்ட, சிப்பாய் அது ஏற்கெனவே இருக்கிறது, ஆஸ்பிரின் கொடுங்கள் என்கிறான். ஒரு சொல்லும் இல்லாத படமும் உண்டு: அச்சு முறிந்த ஜீப்பின் முகப்பில் பழைய குதிரைப்படை சார்ஜன்ட் ஒருவர் கைத்துப்பாக்கியை வைத்து, பார்க்கச் சகியாமல் மறு கையால் கண்ணை மூடிக்கொள்கிறார். கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடும் வழக்கம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். நூலகத்தார் இந்தப் பக்கத்தில் மட்டும் காகிதச் சீட்டு செருகி வைத்திருக்கிறார். "படத்தைப் பாருங்க தம்பி, எழுத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்பது புதிதாக வருபவர்களிடம் அவர் சொல்லும் ஒரே யோசனை. அது சரியான யோசனையும் கூட. மால்டினின் மசி அழுத்தமான தூரிகைக் கோடு, ஈரத்தையும் களைப்பையும் வசனத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் இந்தப் படங்களைக் கண்டு கொதித்த வரலாறும் இந்த அடுக்கில்தான் கிடைக்கிறது. பேட்டனின் மூன்றாம் படையில் கழுத்துப்பட்டை கட்டாதவனுக்கும் முகம் மழிக்காதவனுக்கும் அபராதம். மால்டின் அதை வரைந்தார்: மூன்றாம் படையின் எல்லையில் அபராதப் பட்டியல் எழுதிய பெரிய பலகை, அதன் முன் ஜீப்பில் நிற்கும் வில்லியும் ஜோவும், ஆயிரம் மைல் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் தாமதமாகும் என்று மேலதிகாரிக்குச் செய்தி அனுப்ப எண்ணுகிறார்கள். அந்தத் தாளைத் தம் படைக்குள் விடமாட்டேன் என்று பேட்டன் மிரட்டினார். 1945-இன் தொடக்கத்தில் லக்சம்பர்க்கில் மால்டினை நேரில் அழைத்துக் கண்டித்தார். தலைமைத் தளபதி ஐசனோவர் மால்டினின் படங்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை; படங்கள் மாற்றமின்றி வந்தன. படைவீரர் தாளின் படக்கதை எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை ஓவியரின் திறமை பாதியும், மேலே இருப்பவர் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார் என்பது பாதியுமாகத் தீர்மானிக்கின்றன. இதே நாளிதழின் டோக்கியோ பதிப்பு, மோர்ட் வாக்கரின் 'பீட்டில் பெய்லி' அதிகாரிகளை மதிக்காத மனப்பான்மையை வளர்க்கிறது என்று சொல்லி 1954-இல் அதை நிறுத்தியது. பீட்டில் பெய்லி மால்டினைப் போல் கடிப்பதில்லை. சோம்பேறிச் சிப்பாய் ஒருவனைப் பற்றிய சாதுவான தொடர் அது. போர்க்களத்தில் பொறுத்துக்கொண்டதை அமைதிக்காலத்து முகாம் பொறுக்கவில்லை. நூலகத்தாரின் தட்டச்சுத் தாளில் இந்தத் தகவல் விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம்.

மில்டன் கேனிஃபின் 'மேல் கால்' (Male Call) தொகுப்பு தனி அடுக்கில் இருக்கிறது. 'டெர்ரி அண்ட் தி பைரட்ஸ்' மூலம் புகழ்பெற்ற கேனிஃப், உடல்நலக் காரணத்தால் படையில் சேர முடியாமல், முகாம்களின் தாள்களுக்கென்று கூலி வாங்காமல் வாரம் ஒன்று வரைந்தார். முதலில் தம் பழைய தொடரின் பாத்திரத்தையே பயன்படுத்தினார். அந்தத் தொடருக்கு உரிமை பெற்ற பொதுப் பத்திரிகை ஒன்று முறையிட்டதால், 1943 ஜனவரி முதல் மிஸ் லேஸ் என்னும் புதிய பெண்ணைப் படைத்தார். 1946 மார்ச் வரை அது வந்தது. லேஸ் எந்தச் சிப்பாயையும் 'ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவாள். கோட்டின் அழகில் இந்த அறையில் இதற்கு நிகர் இல்லை. நகைச்சுவையில் பலவற்றின் காலம் முடிந்துவிட்டது. பெண்ணைப் பற்றிய அன்றைய பாசறைப் பேச்சு இன்று வாய்விட்டுப் படிக்கத் தக்கதன்று. எனினும், பார்வை இழந்த வீரன், கை இழந்த வீரன் ஆகியோரைப் பரிதாபமில்லாமல் சமமாக நடத்தும் லேஸை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆங்கிலம் தடுமாறுபவர்கள் ஜார்ஜ் பேக்கரின் 'சேட் சாக்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். 1942 ஜூனில் வெளிவரத் தொடங்கிய 'யாங்க்' வார இதழில் வந்த இத்தொடரில் பேச்சே கிடையாது. எதிலும் அகப்பட்டுக்கொள்ளும் ஒரு சிப்பாயின் துயரம் எட்டுப் பத்துக் கட்டங்களில் முடிந்துவிடும். இதற்கு மாறாக, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாம் படையின் தாள்களில் 'ஜான்' என்னும் புனைபெயரில் ஓர் ஓவியர் வரைந்த 'டூ டைப்ஸ்', பாலைவனத்தையே நினைத்து ஏங்கும் இரண்டு மீசைக்கார அதிகாரிகளின் கதை. ஆங்கிலேயர் வகுப்பு வேறுபாடும் அன்றைய சீருடை விதிகளும் தெரியாமல் அதில் சிரிக்க முடியாது. நான் அதிகம் சிரிக்கவில்லை. வியட்நாம் போர்க்காலத்தின் 'நூயென் சார்லி' இந்த அறையில் இல்லை. எதிரிப் படையின் கெரில்லா ஒருவனையே நாயகனாக்கி, பிலிப்பைன்ஸில் பிறந்த கார்க்கி டிரினிடாட் வரைந்து, அமெரிக்கப் படையினரின் தாளிலேயே வந்த தொடர் அது. அதைத் தேடிக்கொண்டிருப்பதாக நூலகத்தார் சொன்னார்.

செய்தித்தாள் அல்லாத ஒன்றும் இங்கே இடம்பெற்றிருக்கிறது: வில் ஐஸ்னர் 1951 முதல் இருபது ஆண்டுகள் ஓவியப் பொறுப்பேற்றிருந்த 'பி.எஸ்.' என்னும் அமெரிக்க ராணுவப் பராமரிப்பு மாத இதழ். வண்டிக்கு எண்ணெய் எப்போது போட வேண்டும், திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பவற்றைப் படக்கதையாகச் சொல்வது அதன் வேலையாக இருந்தது. சாப்பர் ஒருவரின் நூலகத்தில் இது இல்லாவிட்டால்தான் வியப்பு. அவர் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போய்விடும் என்பதை எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

இனிக் குறைகள். நம்மவர்களுக்கான அடுக்கு மிகவும் மெலிந்திருக்கிறது. 1909-இல் 'ஃபௌஜி அக்பார்' என்று தொடங்கி 1954-இல் 'சைனிக் சமாச்சார்' என்று பெயர் மாறி, தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்த படைவீரர் இதழின் சில உதிரிப் பிரதிகள் மட்டுமே இருக்கின்றன. மால்டின் வரைந்த அதே இத்தாலிய மலைகளில் அதே குளிர்காலத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பாலமும் பாதையும் அமைத்துக்கொண்டிருந்தார்கள்; 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடியின் மேல் விழுந்து தம் ஆட்களைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன், மறைவுக்குப் பின் பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அவருடைய படமும் ஒரு பக்கக் குறிப்பும் சுவரில் இருக்கின்றன. அவரோடு இருந்தவர்கள் எந்தத் தாளைப் படித்தார்கள், அதில் அவர்களைப் போன்ற முகம் ஒன்றாவது வரையப்பட்டிருந்ததா என்ற கேள்விக்கு இந்த அறையில் விடை இல்லை. இலங்கையில் 1987 முதல் 1990 வரை நின்ற நம் படையினரைப் பற்றியும் ஒன்றும் இல்லை. இது நூலகத்தாரின் தவறன்று. தொகுத்து வெளியிடுவார் இருந்தால்தானே வாங்கி வைக்க முடியும்.

அவரால் சரிசெய்யக்கூடியவையும் உண்டு. அட்டவணைப் பதிவேடு கிடையாது. எது எங்கே என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் வங்கிக்கோ ராணுவ கேண்டீனுக்கோ போயிருந்தால் காத்திருக்க வேண்டும். உள் அறையில் ஒரே குழல்விளக்கு. கறுப்பு மசி நிறைந்த படங்களுக்கு அந்த வெளிச்சம் போதாது. மால்டினின் சிப்பாய்கள் பேசும் கொச்சை ஆங்கிலத்துக்கு ஒரு பக்கச் சொற்பட்டியல் தமிழில் தட்டச்சு செய்து வைத்தால் கல்லூரி மாணவர்கள் பெரிதும் பயன்பெறுவார்கள்.

முன் அறைப் புத்தகங்களை வாடகைக்கு எடுத்துச் செல்லலாம். உள் அறைத் தொகுப்புகள் வெளியே போகா. அங்கேயே உட்கார்ந்து படிக்க இருபது ரூபாய், நேரக் கட்டுப்பாடு இல்லை. கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி உண்டு, நகல் எடுக்க அனுமதி இல்லை. பைகளை வாசலில் வைத்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடுகிறார். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் நடக்கவே இடம் இராது என்பதால் அப்போது பூட்டியே இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். வண்டியில் வருபவர்களுக்குச் சந்துக்குள் நிறுத்த இடமில்லை.