கம்பெனி போன்களும் அப்டேட் நேரமும்: மூன்று வருட அனுபவம்

எங்கள் நிறுவனத்தில் ஏறத்தாழ 200 போன்கள். வெளியே சுற்றும் விற்பனைப் பிரிவிடம் ஐபோன்கள், கிடங்கில் பார்கோடு ஸ்கேன் செய்வதற்கு ஆண்ட்ராய்டு. எல்லாமே எம்டிஎம்மில், அதாவது நிறுவனப் போன்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளில், சேர்த்தவை. எந்தப் போனில் எப்போது ஓஎஸ் அப்டேட் ஏறும் என்பதைக் கவனிப்பது மூன்று வருடமாக என் வேலை. எந்த எம்டிஎம் நல்லது என்று இங்கே எழுதப்போவதில்லை. நேரம் குறிக்கும் அமைப்புகள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் செய்தது ஒன்றே ஒன்று: தள்ளிப்போடுவது. நிறுவனத்தின் கூடுதல் கட்டுப்பாட்டில் ('சூப்பர்வைஸ்டு') வைத்த ஐபோன்களில் அப்டேட்டை 1 முதல் 90 நாள் வரை மறைத்து வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 90 போட்டேன். விற்பனைப் பிரிவு பயன்படுத்தும் ஆர்டர் ஆப், ஒவ்வொரு பெரிய பதிப்பு வரும்போதும் ஏதாவது ஒரு இடத்தில் இடறும். அதைச் சரிசெய்ய மூன்று மாதம் கிடைத்தால் போதும் என்பது என் கணக்கு.

இந்த 90 நாள் நான் அமைப்பைப் போட்ட தேதியிலிருந்து ஓடுவதில்லை, ஒவ்வொரு பதிப்பும் வெளியான தேதியிலிருந்து தனித்தனியாக ஓடுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் போனில் எப்போதும் மூன்று மாதப் பழைய பதிப்புதான் 'புதியது' என்று தெரியும். பெரிய பதிப்பை மறைக்க நினைத்தவன், அதன் பிறகு வந்த திருத்தங்களையும் சேர்த்தே மறைத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், பழுதான ஒரு போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து ரீஸ்டோர் செய்தபோது அதில் ஏறியது அன்றைய புத்தம்புதிய பதிப்பு. தள்ளிப்போடும் அமைப்பு அங்கே செல்லுபடியாகாது. நான் மூன்று மாதம் காத்திருந்து சோதிக்க நினைத்த பதிப்பில் அந்த விற்பனையாளர் மறுநாளே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 16.6.1 வந்தபோதுதான் நிஜமாகவே வியர்த்தது. பெறுபவர் எதையும் தொடாமலேயே போனுக்குள் உளவு மென்பொருள் நுழையும் ஓட்டையை அடைத்த அப்டேட் அது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டை. எங்கள் போன்களில் அப்படி ஒரு அப்டேட் வந்த சுவடே இல்லை, மறைத்ததே நான்தானே. நல்லவேளை, தள்ளிவைத்த நிலையிலும் எம்டிஎம்மிலிருந்து குறிப்பிட்ட பதிப்பை அனுப்ப முடியும். இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்து முடித்தேன்.

அதற்கப்புறம் 90 இல்லை. இப்போது 14 நாள்தான். அந்த இரண்டு வாரத்தில் ஐந்து பேர் போனில் மட்டும் முதலில் ஏற்றிப் பார்க்கிறோம். அந்த ஐவரில் என்னைப் போன்ற அட்மின்கள் யாரும் கூடாது என்பது என் பிடிவாதம். நாங்கள் ஆர்டர் ஆப்பைத் திறப்பதே அபூர்வம்.

ஆனால் மறைப்பது வேறு, ஏற வைப்பது வேறு. 14 நாள் கழித்து அப்டேட் கண்ணில் பட்டாலும் 'பிறகு' என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஐஓஎஸ் 17 முதல் வந்த வசதி இதற்கு நன்றாகவே உதவுகிறது: இந்தப் பதிப்பு, இந்தத் தேதி, இந்த நேரம் என்று கெடு வைத்துவிடலாம். கடைசி 24 மணி நேரத்தில் மணிக்கு ஒரு நினைவூட்டல், 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும் வரும். கெடு தாண்டினால் போனே தொடங்கிவிடும்.

நான் கெடுவை அதிகாலை 2 மணிக்கு வைத்தேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பலர் இரவில் கம்பெனி போனை அணைத்து வைத்துவிடுவார்கள் என்பது தெரியவில்லை. அணைந்திருந்த போன் காலையில் உயிர் பெற்றதும் 'கெடு முடிந்துவிட்டது' என்று சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் அப்டேட்டைத் தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கருப்புத் திரையைப் பார்த்தபடியே எனக்கு இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டார்: "சார், நீங்க செஞ்ச வேலையா இது?" ஆமாம் என்றேன். இப்போது கெடு மாலை 7 மணி. அப்போது போன் கையிலோ சார்ஜிலோ இருக்கும், அணைந்திருக்காது.

கிடங்கு ஆண்ட்ராய்டுகளில் தலைவலி குறைவு. தினமும் ஒரு நேரச் சாளரம் குறித்துவிட்டால் அதற்குள் தானாக ஏற்றிக்கொள்ளும், பிளே ஸ்டோர் ஆப்களும் அதே சாளரத்தில்தான் புதுப்பிக்கப்படும். ஒரே ஆப்பில் பூட்டி வைத்த கருவிகளுக்கு இது பெரிய நிம்மதி. ஸ்கேனர்கள் இரவு முழுக்கச் சார்ஜர் தட்டில்தான் இருக்கும், ஆகவே அங்கே மட்டும் அதிகாலை 2 மணி சரிப்பட்டது. ஒத்திப்போடும் தேர்வும் உண்டு, 30 நாள் வரை. முக்கியமான பாதுகாப்புத் திருத்தத்துக்குத் தயாரிப்பாளர் அதிலிருந்து விலக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னை மாட்டிவிட்டது உறைநிலைக் காலம். ஆண்ட்ராய்டு 9 முதல், ஒரு காலகட்டம் முழுக்க அப்டேட்டே வராமல் நிறுத்தலாம். அதிகபட்சம் 90 நாள், இரண்டு காலத்துக்கு நடுவில் குறைந்தது 60 நாள் இடைவெளி. ஆண்டுக் கடைசிக் கணக்கெடுப்புக்காக 40 நாள் வைத்தேன், சுகமாக முடிந்தது. அடுத்த வருடம் அதே சமயத்தில் புதிய பாதுகாப்புத் திருத்தம் எந்த ஸ்கேனரிலும் ஏறவில்லை. செட்டிங்ஸில் போய்க் கையால் தேடினாலும் கிடைக்கவில்லை. நெட்வொர்க்கைச் சந்தேகித்து அரை நாள் போனது. உறைநிலைக்கு நாளும் மாதமும் மட்டுமே உண்டு, ஆண்டு கிடையாது. வருடா வருடம் தானாகத் திரும்பி வரும்.

இப்போது அந்த 40 நாளை 18 ஆகக் குறைத்திருக்கிறேன். கணக்கெடுப்புத் தேதி மாறினால் கிடங்கு மேற்பார்வையாளர் எனக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. இந்த வருடம் அவர் மறந்துவிட்டார்.