ஐரோப்பிய ஹாக்கி வீரருக்கு எந்தக் கல்லூரி: அமெரிக்காவா, கனடாவா?

சொந்த நாட்டு லீகில் சில ஆட்டம் ஆடிவிட்டு, அப்புறம் படிக்கலாம் என்று நினைக்கிற ஃபின்லாந்து, ஸ்வீடன் பையன்களுக்கு (பேசுவது ஐஸ் ஹாக்கி) இரண்டு வழி இருக்கிறது.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ-வில் எல்லாம் பணத்தைச் சுற்றித்தான். தங்குமிடம், சாப்பாடு, பயணம், மட்டை, ஸ்கேட் என்று அவசியச் செலவுக்கு மேல் கிளப் கொடுத்திருந்தால் சிக்கல். அதனால் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியையும் நோண்டுவார்கள். என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஹாக்கி லீக்) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. கனடாவின் மேஜர் ஜூனியர் (இளைஞர்களுக்கான உயர்மட்ட லீக்) வீரர்களையே தொழில்முறைக்காரர்கள் என்று பல காலம் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள், 2024 நவம்பரில்தான் மனசு மாறி, 2025 ஆகஸ்ட் 1 முதல் உள்ளே விட்டார்கள். மெடிசின் ஹாட் டைகர்ஸ் என்ற மேஜர் ஜூனியர் அணியில் ஆடிய கேவின் மெக்கென்னா அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது அப்படித்தான்.

கனடாவில் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துகிற யூ ஸ்போர்ட்ஸ் இந்த விஷயத்தில் அவ்வளவு முறைப்பாக இருந்ததில்லை, மேஜர் ஜூனியர் வீரர்கள் காலங்காலமாக அங்கே ஆடுகிறார்கள். ஆனால் விளையாட்டு உதவித்தொகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும், வாடகையும் சாப்பாடும் உங்கள் பாடு. படிக்கும்போது வாரம் 24 மணி நேரம் வெளியே வேலை பார்க்கலாம் என்பது ஒரு ஆறுதல். அமெரிக்க மாணவர் விசாவில் அது சுலபமில்லை.

என்எச்எல் கனவு இருந்தால் என்சிஏஏ-தான், அணிகளுக்குத் திறமையான வீரர்களைத் தேடுகிறவர்கள் கண் அங்கேதான். ஆனால் ஏற்கெனவே சம்பளம் வாங்கியிருந்தால், முதலில் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் பெட்டியைக் கட்டுங்கள்.