மேடைக்கு முன்னாலா, மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்திலா?

இண்டி ராக் (சுயாதீன ராக் இசை) கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. நாற்காலி கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். சரி, எங்கே நிற்பது: மேடைக்கு முன்னாலா, இல்லை பின்னால் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்திலா?

ஒலி
முன்னால்: டிரம்ஸும் கிதார் ஆம்ப்பும் (கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) மேடையிலிருந்தே நேராக வந்து நெஞ்சில் மோதும். குரல் மட்டும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர்கள் வழியாகத் தலைக்கு மேலே போய்விடும். பாடகரின் வியர்வை தெரியும், பாட்டின் வரி புரியாது.
மேசைப் பக்கம்: மிக்ஸிங் செய்பவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். அவருக்குக் கேட்பதுதான் உங்களுக்கும்.

ஆட்டம்
முன்னால்: இதற்காகத்தானே போகிறோம்! கூட்டம் குதித்தால் நீங்களும் குதித்தாக வேண்டும்.
மேசைப் பக்கம்: தலையாட்டலாம். அவ்வளவுதான்.

வசதி
முன்னால்: சீக்கிரம் வர வேண்டும். கழிப்பறைக்குப் போனால் இடம் போச்சு.
மேசைப் பக்கம்: கவலையில்லை.

காதுக்கு இரண்டு இடமும் ஆபத்துதான். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கான ஒரு பரவலான கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி அதைச் சுலபமாகத் தொடும். காதடைப்பான் கட்டாயம், வெறும் பஞ்சு உதவாது.

எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்றால் முன்னால் போங்கள். இசைக்குழு புதிது, உயரம் குறைவு, முழங்கால் வலி என்றால் மேசைப் பக்கம். நான் முன்னால் தொடங்கி, பாதியில் பின்வாங்குகிற ஆள். பின்னாலிருந்து முன்னே போவதுதான் கஷ்டம்.