குதிரை வயிற்றுக்கு எது ஒத்துவரும்: நேப்பியரா, திமோத்தியா, கொள்ளா?

கோலாலம்பூர் வட்டாரத்தில் குதிரைத் தீனியைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கட்சி இருக்கும். உள்ளூர் நேப்பியர் புல், கப்பலில் வரும் திமோத்தி வைக்கோல் (காயவைத்த புல்), பழைய சைஸ்கள், அதாவது குதிரைக்காரர்கள், விட்டுக்கொடுக்காத கொள்ளு. நான் மூன்றையும் கோலிக் வயிற்றுவலியை வைத்துத்தான் எடைபோடுவேன். குடல் முறுக்கிக்கொண்டால் ஒரே நாளில் குதிரை போய்விடும்.

கொள்ளு முக்கியத் தீனியாகவே கூடாது. குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். வாந்தியும் எடுக்க முடியாது. ஒரே வேளையில் அதிகம் கொடுத்தால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு கட்டும். ஓட்ஸும், பெல்லட் எனும் குச்சித் தீனியும் இப்படித்தான். நன்றாக உழைக்கும் குதிரைக்குக் கொஞ்சம், வேளை பிரித்துக் கொடுக்கலாம்.

நேப்பியர் மலிவு, கையெட்டும் தூரத்தில் கிடைக்கும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7.5 முதல் 10 கிலோ உலர்தீனி வேண்டும். நேப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 40, 50 கிலோ வெட்டிப்போட வேண்டிவரும். அந்தத் தண்ணீர் சாணம் இறுகாமல் காப்பது பெரிய நன்மை. ஆனால் முற்றிய தண்டு குடலை அடைக்கும். ஈரத்தோடு குவித்துவைத்த புல் சூடேறிப் புளிக்கும். அப்புறம், இதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போடும். மாதக்கணக்கில் இது மட்டுமே தின்றால் எலும்பு பலவீனமாகி முகம் வீங்கும்.

திமோத்தியில் நார்ச்சத்து சீராக இருக்கும், ஈரம் குறைவு. அதனால் குதிரை நிறையக் குடிக்க வேண்டும். நம் வெயிலில் நாளுக்கு 50 லிட்டர்கூடப் போகும். நனைத்துக் கொடுங்கள், உப்பும் வையுங்கள். பூசணம் பிடித்த வைக்கோல் கட்டைத் தொடவே வேண்டாம்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை, கன்டெய்னர் தாமதமாகி வைக்கோல் தீர்ந்துபோவதுதான். அன்றைக்கே முழுக்க நேப்பியருக்கு மாற்றினால் குடலில் உள்ள நுண்ணுயிர்களால் ஈடுகொடுக்க முடியாது. தீனியைத் திடீரென்று மாற்றுவது கோலிக்குக்கு நன்கு தெரிந்த காரணம். அதனால் என் தேர்வு, திமோத்தியை அடிப்படையாக வைத்து, தினமும் இளம் நேப்பியரும் கொஞ்சம் சேர்ப்பது. வயிறு இரண்டுக்கும் பழகியிருக்கும். அளவை மாற்றுவதென்றால் 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை போல மணல் உள்ள இடமென்றால் எந்தத் தீனியையும் தரையில் போடாதீர்கள். மணலும் குடலில் சேரும்.

குதிரை தரையைக் காலால் பறித்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, சாணம் போடாவிட்டாலோ தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாடி நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் அவசரம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.