யாஷிகா மேட்-124ஜி: கடலூர்க் கடற்காற்றில் ஒன்பது ஆண்டுகள்

மஞ்சக்குப்பத்தில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் அலமாரியில் கிடந்த யாஷிகா மேட்-124ஜி என் கைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானில் 1970 முதல் 1986 வரை தயாரிக்கப்பட்ட இந்த இரட்டை லென்ஸ் கேமராவில் மாதம் ஒரு ரோலாவது எடுத்து வருகிறேன். கடலோரத்தில் இருந்துகொண்டு இப்படியொரு பழைய கேமராவை வாங்க நினைப்பவர்கள், அதில் எதை நம்பலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்று அறிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. இரண்டின் குவியத் தூரமும் 80 மி.மீ.; இடப்பக்கக் குமிழைத் திருகினால் சேர்ந்தே முன்னும் பின்னும் நகர்கின்றன. மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டு, கேமராவின் மேற்புறம் திறந்திருக்கும் சதுரத் திரையில் இடவலம் மாறிய காட்சியாக விழுகிறது. வலப்புறம் போகும் படகு திரையில் இடப்புறம் போவதற்குக் கை பழக எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உச்சி வெயிலில் திரையின் ஓரங்கள் மங்கிவிடுவதால், உள்ளே மடிந்திருக்கும் உருப்பெருக்கியை நிமிர்த்தி, கண்ணை அதனருகில் கொண்டுபோய்த்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கும் இந்த அமைப்புதான் இதன் தலையாய சிறப்பு என்பேன். முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை நேரம், சங்கரா மீன் கூடையுடன் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "என்ன தம்பி, பொட்டிக்குள்ள எதையோ தேடுற?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தவர், "கூடை இந்தப் பக்கமில்ல இருக்கு, அதுல அந்தப் பக்கம் தெரியுது?" என்றார். அதன் பிறகு நான் எடுத்த நான்கு படங்களிலும் அவர் முகத்தில் விறைப்பே இல்லை. முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கும்போது மனிதர்களிடம் வரும் இறுக்கம் இங்கே வருவதில்லை.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், மெல்லிய தகடுகள் விரிந்து மூடும் கோப்பல் (Copal) இலை ஷட்டர்; 1 வினாடியிலிருந்து 1/500 வரை. கண்ணாடி மேலெழும் அதிர்வு கிடையாது என்பதால், கழுத்து வாரை இழுத்துப் பிடித்து 1/30-இல் கையிலேயே தெளிவான படம் எடுக்க முடிகிறது. எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் பயன்படுத்தலாம். நெகட்டிவ் 6×6 செ.மீ. சதுரம். 35 மி.மீ. ஃபிலிமைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு பரப்பு இருப்பதால், செயின்ட் டேவிட் கோட்டையின் இடிந்த செங்கல் சுவரைப் பெரிதாக்கினாலும் காரையின் மணல்கூடத் தெரிகிறது. மிக அருகில் எடுக்கும்போது இரு லென்ஸ்களின் உயர வேறுபாட்டால் தலைப்பகுதி வெட்டுப்படும். கேமராவைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும்.

ஃபிலிமை அழுத்தும் பின்தகட்டை 120 (12 படங்கள்), 220 (24 படங்கள்) ஆகிய இரு வகை ஃபிலிமுக்கும் ஏற்ப மாற்றி வைக்கலாம். தொடக்கத்தில் அது 24 படங்களுக்கான நிலையில் இருந்ததைக் கவனிக்காமல் 12 பட ரோலைப் போட்டுவிட்டேன். எண் பன்னிரண்டைத் தாண்டியும் ஓடியது. கடைசி இரண்டு படங்கள் வெறும் பின்தாளில்தான் விழுந்தன.

இத்தனை ஆண்டுகளில் முழுவதுமாகக் கைவிட்டது ஒளி அளவிடும் மீட்டர் ஒன்றுதான். பெயரிலுள்ள 'ஜி' என்பது அந்த மீட்டரின் தங்கமுலாம் பூசிய மின் இணைப்புகளைக் குறிக்கிறது; இருந்தும் ஊசி நின்றுவிட்டது. அது வேலை செய்த நாள்களிலும் தொல்லைதான். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்ட மீட்டரில் இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால், வெளிச்சத்தை மிகுத்துக் காட்டிப் படத்தை இருளச் செய்கிறது. இப்போது ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை வெயிலில் ஷட்டர் வேகம் 1/125, லென்ஸ் துளை எஃப் 16 என்றும், பூவரசு நிழலுக்குள் எஃப் 5.6 என்றும் கணக்கிட்டே எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையில் இந்தக் கணக்கு என்னை ஏமாற்றியதே இல்லை.

உண்மையான பகை நம் ஊர் ஈரக்காற்று. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேல் லென்ஸின் விளிம்பில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அழகுக்காகத் தோலுறையிலேயே வைத்திருந்தது என் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. லென்ஸைச் சுத்தம் செய்த பிறகு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறேன். நிறம் மாறியதும் மணிகளை வறுத்துத் திரும்பப் போடுகிறேன். பின்கதவின் பழைய நுரைப்பட்டைகள் பொடிந்து ஒளி கசிந்ததால் அவற்றையும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

வாங்குபவர்கள் 1 வினாடி வேகத்தில் வைத்து ஷட்டரின் ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். இழுத்து நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்துவிடலாம். மீட்டர் ஊசி அசையவில்லை என்பதற்காக நல்ல கேமராவை விட்டுவிட வேண்டாம். கீழ் லென்ஸின் நடுவில் பூஞ்சை கண்ணாடியை அரித்திருந்தால் மட்டும், விலையை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள்.