தேதியை அல்ல, லெட்ஜரைப் பிடியுங்கள்: சின்ன ஆர்ஓசி ஃபைலிங்குகளுக்கான எக்செல் ஷீட், நீண்ட நாள் பயன்பாட்டில்

ஆர்ஓசி எனும் கம்பெனிப் பதிவாளருக்கு வருடாவருடம் போடும் ஏஓசி-4 (நிதிக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு ரிட்டர்ன்) இரண்டையும் யாரும் மறப்பதில்லை. தாமதமானால் ஃபாரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பும் கிடையாது என்பதால் ஆடிட்டரே துரத்திப் பிடித்துவிடுவார். நழுவுவதெல்லாம் டிபிடி-3 (டெபாசிட், கடன் விவரம்), எம்எஸ்எம்இ-1 (சிறு சப்ளையர்களுக்கான பாக்கி), சிஎச்ஜி-4 (கடன் அடைந்ததும் அடமானப் பதிவை நீக்குவது) வகையறாதான். இவற்றுக்குத் தேதிவாரிக் காலண்டர் போட்டால் முதல் வருடம் ஓடும், அடுத்த வருடம் ஓட்டை விழும்.

நிலைத்து நிற்பது லெட்ஜர்வாரி ஷீட். முதல் பத்தியில் டேலி கணக்கு மென்பொருளில் உள்ள லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) பெயர், அடுத்து அது இழுத்து வரும் ஃபாரம், பிறகு கெடு, கடைசியில் எஸ்ஆர்என் (ஃபைல் செய்ததும் தளம் தரும் எண்). மாதாமாதம் ட்ரையல் பேலன்ஸை (எல்லா லெட்ஜர்களின் பாக்கிப் பட்டியல்) எடுத்து இதோடு ஒப்பிட 15 நிமிடம் போதும்.

ஏன் இது மேல்? டிபிடி-3-ஐப் பாருங்கள். காலண்டரில் 'ஜூன் 30, டெபாசிட் ரிட்டர்ன்' என்று இருந்தால், 'நம்மிடம் டெபாசிட்டே இல்லையே' என்று கணக்கர் அதை அடித்துவிடுவார். பெயர்தான் வில்லன். டைரக்டர் லோன், வங்கிக் கடன், வேறு கம்பெனியிடம் வாங்கிய கடன் எல்லாம் டெபாசிட் ஆகாத வகை என்றே இதில் காட்டப்பட வேண்டும். மார்ச் 31 அன்று அந்த லெட்ஜர்களில் பாக்கி இருந்தாலே ஃபாரம் உண்டு.

அதே வரிசையில் மூன்று கண்ணிகளையும் குறித்து வையுங்கள். டைரக்டர் பணம் போடும்போதே 'இது கடன் வாங்கித் தந்த பணமல்ல' என்று எழுதி வாங்க வேண்டும். பிரைவேட் லிமிடெட்டில் டைரக்டரின் உறவினர் தந்தாலும் அப்படியே. பொருள் சப்ளைக்கு வாங்கிய அட்வான்ஸ் 365 நாளுக்குள் சரிக்கட்டப்படாவிட்டால் டெபாசிட்டாக மாறும். ஷேர் அப்ளிகேஷன் பணத்துக்கு 60 நாளில் அலாட்மெண்ட், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தாமதக் கட்டணம் பெரிதல்ல: மூலதனம் 1 லட்சத்துக்குக் குறையாமல் 5 லட்சத்துக்குள் இருந்தால் சாதாரணக் கட்டணம் 300 ரூபாய், 180 நாள் தாண்டினால் கூடுதலாக அதைப்போல் 12 மடங்கு, 3,600. பயப்பட வேண்டியது விதிமீறலுக்கான அபராதத்துக்கு: 5,000 ரூபாய் வரை, மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 500 வரை.

எம்எஸ்எம்இ-1-இல்தான் ஷீட் கொஞ்சம் திணறுகிறது. ஏப்ரல் 30, அக்டோபர் 31 இரண்டு கெடு. மைக்ரோ, ஸ்மால் சப்ளையர்களுக்கு 45 நாள் தாண்டிய பாக்கிதான் கணக்கு, மீடியம் வராது. ஆனால் ஏஜிங் ரிப்போர்ட் (பாக்கி எத்தனை நாள் பழையது என்ற பட்டியல்) பில் தேதியிலிருந்து எண்ணுகிறது, சட்டமோ சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணுகிறது. அந்த வித்தியாசத்தைக் கையால்தான் திருத்தியாக வேண்டும். உத்யம் சான்றிதழை (சிறுதொழில் பதிவுச் சான்று) புது சப்ளையர் லெட்ஜர் திறக்கும்போதே வாங்கிவிடுங்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் கேட்டால் பாதிப் பேர் பதிலே சொல்ல மாட்டார்கள். இதே பட்டியல், தாமதமாகப் பணம் கொடுத்த பில்களை வருமான வரிக்காகச் சரிபார்க்கவும் உதவும்.

ஷீட் தன் விலையைத் திருப்பித் தருவது சிஎச்ஜி-4-இல். கார் லோன் முடிகிறது, வங்கி என்ஓசி தருகிறது, ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தில் ஹைப்போதிகேஷனை (வங்கியின் அடமானக் குறிப்பு) நீக்கியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைப்பு. எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் சார்ஜ் (அடமானப் பதிவு) மட்டும் திறந்தே கிடக்கும். அடுத்த கடனுக்கு வங்கி சர்ச் ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் தெரியவரும். லோன் லெட்ஜர் பூஜ்யமானதும் ஷீட்டில் சிவப்பு விழும்படி வைத்தால் 30 நாள் கெடு தப்பாது. கூடுதல் கட்டணத்துடன் 300 நாள் வரை போடலாம். அதற்குமேல் அமைச்சகத்தின் ரீஜனல் டைரக்டரிடம் தாமதத்தை மன்னிக்கக் கோரும் சிஎச்ஜி-8 மனு. வங்கி அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும் என்பதால் என்ஓசி வாங்கும் அன்றே அதைப் பேசி முடியுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி முதலிலிருந்து.

புதுக் கம்பெனியென்றால் பங்குப் பணம் வங்கியில் வந்த வரியோடு ஐஎன்சி-20ஏ-வை (தொழில் தொடங்கும் அறிவிப்பு) கோர்த்துவிடுங்கள்: கம்பெனி பதிவான நாளிலிருந்து 180 நாள், தவறினால் கம்பெனிக்கு 50,000 அபராதம். வெளிநாட்டு முதலீடு பாக்கியிருந்தால், அந்த வருடம் புதிதாக எதுவும் வராவிட்டாலும், ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்எல்ஏ (வெளிநாட்டுப் பொறுப்பு, சொத்து விவர ரிட்டர்ன்). ஆடிட் முடியாவிட்டால் தற்காலிகக் கணக்கில் போட்டுப் பின்னர் திருத்தலாம்.

லெட்ஜர் இல்லாத விஷயங்களை இந்த முறை பிடிக்காது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் குழுவின் ஆண்டறிக்கை, தமிழ்நாட்டில் அரையாண்டுத் தொழில்வரி, டைரக்டர்களின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்று) காலாவதி ஆகியவற்றுக்குத் தனி டேப் போட்டுத் தேதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். டிஎஸ்சி புதுப்பித்ததும் தளத்தில் மறுபடி பதிவு செய்யாவிட்டால் கெடு நாளன்று கையெழுத்து ஏறாது.

கட்டண மென்பொருள்கள் இதைவிட மேலா? நிகழ்வை யாராவது உள்ளிட்டால்தான் அவை நினைவூட்டும். லோன் முடிந்ததை உள்ளிட மறந்தவருக்கு அவற்றால் பயனில்லை. எதை வைத்தாலும் சலானைப் பார்த்து டிக் அடிக்காதீர்கள். சில ஃபாரங்கள் திருத்தம் கேட்டுத் திரும்பி வரும், அதற்கும் நாள் கணக்கு உண்டு. எஸ்ஆர்என் எதிரே 'அப்ரூவ்டு' என்று வந்த பிறகே அந்த வரியைப் பச்சையாக்குங்கள்.