போட்டுப் பார்த்தேன், அந்தக் காட்சி அங்கே இல்லை

‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டு உண்டு என்று அக்காவிடம் பந்தயம் கட்டித் தோற்றவன் நான். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மெதுவான பாட்டு, பெண் குரல், பக்கத்தில் ஒரு பியானோ என்று விலாவாரியாக விளக்கினேன். “அதுல பாட்டே கிடையாதுடா. அந்தப் படத்தைப் பத்தி யார் பேசினாலும் முதல்ல சொல்றதே அதைத்தான்” என்றாள். போட்டுப் பார்த்தோம். தோற்றவருக்கு ஒரு மாதம் ரிமோட் கிடையாது என்பது பந்தயம். அந்த ஒரு மாதத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய படம் அது. படத்துக்குப் பத்துப் பாட்டு என்றால்கூட யாரும் கண்டுகொள்ளாத காலத்தில், பாட்டும் நடனமும் இல்லாமல் வந்தது. தொடங்கிய உடனேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். விசாரணை நடக்கிறது. அவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றியே ஒரு கதையை நானும் ஜோடித்து வைத்திருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. பார்த்த படத்தை மறுபடி பார்க்கும் முன், அதில் எனக்கு என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். அரைப் பக்கம் போதும். பிறகு படத்தைப் பார்ப்பேன். தப்பான வரிகளை அடிப்பேன். நான்கு வருடம் ஆகிறது. சினிமாவைப் படித்தவன் இல்லை, விமர்சகனும் இல்லை. வேலை முடிந்து வந்து சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறவன், அவ்வளவுதான். புதுப் படங்களின் பட்டியல் ஒரு பக்கம் நீண்டுகொண்டே போக, நான் பழையதையே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நோட்டில் அடித்தல் இல்லாத பக்கம் இதுவரை ஒன்றுகூட இல்லை.

முதல் அடி ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. குளியலறைக் கொலையை நான் சிவப்பாகத்தான் எழுதி வைத்திருந்தேன். தண்ணீரோடு சேர்ந்து ஓடும் சிவப்பு. 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் கை சிவப்பு என்றுதான் எழுதியது. அங்கே ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அதுதான் ரத்தம் போலத் தெரியுமாம். ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஓடும் அந்தக் கொலைக்கு ஒரு வாரம் படப்பிடிப்பு, 78 கோணங்கள், 52 வெட்டுகள். கத்தி உடம்பில் இறங்குவதையும் தெளிவாகப் பார்த்ததாக எழுதியிருந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கத்தி ஒரு துண்டில், உடம்பு ஒரு துண்டில், அலறும் வாய் இன்னொரு துண்டில். ஒட்டவைத்தது நான்தான். படம் என்னை ஏமாற்றியது என்பதைவிட, என்னிடமே பாதி வேலை வாங்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் என்னை நிஜமாகவே உலுக்கியது ‘12 ஆங்ரி மென்’. 1957, சிட்னி லூமெட்டின் முதல் சினிமா. 96 நிமிடம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரர்கள், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்பட்ட சாதாரண ஆட்கள், வாதாடும் படம். நோட்டில் நான் எழுதியவற்றில் மூன்று வரிகள்: ஒன்று, நீதிமன்றத்தில் அந்தப் பையன் அழுதுகொண்டே பேசுவான். இரண்டு, கொலை நடக்கும்போது ரயில் கடந்து போகும், அதன் ஜன்னல்கள் வழியே எதிர்வீட்டுப் பெண் பார்ப்பாள். மூன்று, மின்விசிறி ஓடாது.

மூன்றாவது மட்டும் சரி, அதுவும் பாதிதான். அறை இருட்டாகிறது, விளக்கைப் போடுகிறார்கள், விசிறியும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. பையன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தொடக்கத்தில் சில நொடிகள் அவன் முகம் மட்டும் வருகிறது, கண்கள் கலங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ரயிலும் இல்லை, ஜன்னலும் இல்லை, எதிர்வீட்டுப் பெண்ணும் இல்லை. கொலையைப் படம் ஓர் இடத்தில்கூடக் காட்டவில்லை. பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் வியர்த்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இத்தனைக்கும் அந்தப் படத்தின் வழக்கே கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதுதான். என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அந்தப் பையனைத் தூக்கில் போட்டிருப்பேன்.

இன்னொன்று உண்டு. கொலை நடந்த இரவு சினிமாவுக்குப் போயிருந்தேன் என்கிறான் பையன். படத்தின் பெயரும் நடித்தவர்கள் பெயரும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதனால் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டுகிறார் ஒரு ஜூரர். கண்ணாடி போட்டவர், கோட்டைக் கழற்றாதவர், எனக்கு வியர்ப்பதே இல்லை என்பவர். இன்னொரு ஜூரராக வரும் ஹென்றி ஃபோண்டா அவரிடம் மெதுவாகக் கேட்க ஆரம்பிக்கிறார்: நேற்று இரவு எங்கே, முந்தாநாள் எங்கே, அதற்கு முந்தைய நாள்? சினிமாவுக்குப் போனதாகச் சொல்கிறார். படத்தின் பெயரைத் தப்பாகச் சொல்கிறார், நடித்தவர் பெயர் வரவில்லை, நெற்றியில் வியர்வை அரும்புகிறது. முதல் இரண்டு தடவையும் இந்தக் காட்சியைச் சாமர்த்தியமான குறுக்கு விசாரணையாகத்தான் ரசித்தேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்கும் வியர்த்தது.

அந்த அறை நேரம் போகப் போகச் சுருங்குவது போலத் தோன்றும். அதன் சூட்சுமத்தை லூமெட்டே எழுதியிருக்கிறார். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண் மட்டத்துக்கு மேலே கேமராவை வைத்து எடுத்தார், அடுத்ததைக் கண் மட்டத்தில், கடைசிப் பங்கைக் கண் மட்டத்துக்குக் கீழே. லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போக, பின்சுவர் ஆட்களின் முதுகுக்கே வந்துவிடுகிறது, கூரை தலைமேல் இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு நாலாவது தடவை பார்த்தேன். கூரை எப்போது தெரிய ஆரம்பிக்கிறது என்று பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், பாதியிலேயே சண்டையில் மூழ்கி அதை மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது கூரை ஏற்கெனவே அங்கே இருந்தது.

சரி, நகைச்சுவைக்கு வருவோம். கமல்ஹாசன் நான்கு வேடம் போட்ட ‘மைக்கேல் மதன காமராஜன்’, 1990, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். எத்தனை தடவை பார்த்தேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். நோட்டில் வசனங்களை வரிசையாக எழுதினேன், பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அப்படியும் ஏமாந்தேன். ஒரு சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்தது வந்துவிடுவதால், இத்தனை வருடமும் ஒன்று விட்டு ஒன்றைத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை வீம்புக்கு, பாட்டியாக வரும் எஸ்.என். லட்சுமியின் கைகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். திருட்டுக் கை வேறு, கேட்கவா வேண்டும். பேசுகிறவர்களை விட்டு அந்தக் கைகளைத் தொடர்ந்தால் அது தனிப் படமாகவே ஓடுகிறது. கடைசியில் மலை உச்சியில் வீடே சாய்ந்தாடும் கூத்து சாப்ளினின் ‘தி கோல்டு ரஷ்’ படத்து மரவீட்டை ஞாபகப்படுத்தும். சாப்ளின் 1925இல் இரண்டு பேரை வைத்து ஆட்டினார். இங்கே ஊரையே உள்ளே ஏற்றிவிட்டார்கள். சாப்ளின் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், எனக்கு இந்த நெரிசல்தான் பிடித்திருக்கிறது.

‘அன்பே சிவம்’ பற்றி நோட்டில் ஒரே வரி: அழ வைக்கும் படம். 2003இல் வந்தபோது சரியாக ஓடவில்லை, பின்னால்தான் ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நானும் அந்தப் பின்னால் வந்த கூட்டம்தான். மறுபடி பார்த்தால், படத்தின் பெரும்பகுதி சிரிப்பு. மழையால் விமானம் கிளம்பாமல் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல், பிரியவும் முடியாமல் ஊர் திரும்புகிறார்கள். மதன் எழுதிய வசனத்தில் கடி மேல் கடி. முன்பு மாதவனின் அன்பரசு என்றாலே எரிச்சலாக இருக்கும், எந்நேரமும் அவசரம், எதிலும் குறை. இப்போது பார்த்தால் அது நான்தான். ரயில் பத்து நிமிடம் தாமதம் என்றால் நான் போடும் சத்தத்தை அக்கா நடித்தே காட்டுவாள். அதற்காகப் படம் முழுக்கத் தங்கம் என்று சொல்லமாட்டேன். கடந்த காலக் காதல் பகுதி வரும்போதெல்லாம் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது. பேருந்துப் பயணத்துக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும் போல இருக்கும்.

தேய்ந்துபோன படங்களும் உண்டு. ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படத்தை இரண்டாம் முறை கட்டாயம் பார்க்க வேண்டும், முடிச்சு தெரிந்த பிறகு ஒவ்வொரு காட்சியும் வேறு அர்த்தத்தில் ஓடும், சிவப்பு எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணலாம். மூன்றாம் முறை எனக்கு வேலையே இல்லை. குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பி முடித்தது மாதிரி. ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். 1994இல் திரையரங்கில் தோற்று, ஏழு ஆஸ்கர் பரிந்துரையில் ஒன்றையும் வாங்காமல் போய், பிறகு வீடு வீடாகப் போய் ஜெயித்த படம். அதனால் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் ஐந்தாவது தடவையில், மார்கன் ஃப்ரீமனின் அந்த அருமையான குரல், நான் எந்த இடத்தில் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வருவது போல இருந்தது. நோட்டிலும் அடிப்பதற்கு அதிகம் இல்லை. நான் தப்பாக நினைவு வைக்கக்கூட அது இடம் விடவில்லை.

‘மூன்றாம் பிறை’யை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை கிடையாது. அதற்கு நோட்டும் தேவையில்லை.

எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் இதில் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறேன். புது டிவி வாங்கிய பிறகு பழைய படங்கள் எல்லாம் ஏதோ நாடக ஒளிப்பதிவு மாதிரி வழுக்கிக்கொண்டு தெரிந்தன. படத்தின் பிரதிதான் மோசம் என்று மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். டிவி தன் பங்குக்கு நடுவில் இல்லாத ஃப்ரேம்களை உருவாக்கிச் சொருகுகிறது, மோஷன் ஸ்மூத்திங் என்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து செட்டிங்ஸில் ஒளித்து வைத்திருக்கும். தேடி அணைத்தேன், சினிமா திரும்பி வந்தது. இல்லாத ஃப்ரேமைச் சொருகும் வேலையைத்தான் என் மண்டை ஏற்கெனவே செய்கிறதே, அதற்கு இன்னொரு கருவி எதற்கு.

அப்புறம், பழைய படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று சில பிரதிகளில் மேலேயும் கீழேயும் நறுக்கிவிடுகிறார்கள். தலை பாதியில் நிற்கும், கையில் இருக்கும் பொருள் தெரியாது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதியே மேல். ஃபோனில் பார்ப்பதைக் குறை சொல்லமாட்டேன், நகைச்சுவைக்கு அது போதும். ஆனால் ‘12 ஆங்ரி மென்’ படத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள்தான் பாதிப் படம். கையளவு திரையில் பேசுகிறவர் மட்டுமே தெரிகிறார்.

இப்போது நோட்டில் எழுதி வைத்து, இன்னும் பார்க்காமல் இருப்பது ‘முள்ளும் மலரும்’. 1978, மகேந்திரன் இயக்கிய முதல் படம், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. விஞ்ச் (கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி) ஆபரேட்டர் காளியாக ரஜினிகாந்த், தங்கை வள்ளியாக ஷோபா. தங்கை கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் எஞ்சினியரை அண்ணனுக்குக் கண்டாலே ஆகாது. கடைசியில் வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள், அவனும் இறங்கி வருகிறான், ஆனாலும் அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பதை அவரிடமே சொல்லிவிடுகிறான். இதுவரை எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஞாபகம்தான். அதைச் சொல்லும்போது காளி சிரித்துக்கொண்டே சொல்கிறான் என்று நான் எழுதியிருக்கிறேன். சிரிப்பே இல்லை, அழுகையை அடக்கிக்கொண்டு சொல்கிறான் என்கிறாள் அவள். அவளுக்கென்று தனி நோட்டு வேறு வாங்கிவிட்டாள்.

பந்தயம் பழையபடி ஒரு மாத ரிமோட். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம்.